அப்பாவின் ஜீப்: பெயின்ட்டில் தொடங்கிய தவறு

அப்பா 2022 ஜனவரியில் இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு அண்ணன்தான் ஜீப்பைப் பற்றிப் பேச்செடுத்தான். "பழைய இரும்புக்காரர் அறுபதாயிரம் தர்றேங்கிறார், கொடுத்துடலாமா?" என்றான். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று அவன் கேட்டபோது என்னிடம் சரியான பதில் இல்லை. கொட்டகையில் தூசி படிந்து நின்ற அந்த வண்டியை யாரோ கேஸ் கட்டர் வைத்து அறுப்பார்கள் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைந்தது. அவ்வளவுதான் காரணம். வீட்டையும் மலைக்காட்டையும் பற்றி எங்களுக்குள் எந்தத் தகராறும் இல்லை. ஜீப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

வண்டி 1991-இல் அப்பா புதிதாக வாங்கிய மஹிந்திரா எம்.எம்.540. நான்கு சிலிண்டர் பீஜோ டீசல் எஞ்சின், 2112 சி.சி. மகிந்திரா கம்பெனி 1947-இல் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது முதல் வந்த வரிசையில் இதுவும் ஒன்று. எங்கள் பக்கம், அய்யம்பாளையம், சித்தரேவு, பெரும்பாறை, தாண்டிக்குடி என்று போகும் கொடைக்கானல் கீழ்மலைப் பாதையில், ஒரு காலத்தில் ஜீப் இல்லாமல் விவசாயமே இல்லை. காப்பிக்கொட்டை, மிளகு, மலைவாழைத் தார், கூலிக்கு வரும் ஆட்கள், பிரசவத்துக்குப் போகும் பெண்கள் எல்லாம் ஜீப்பில்தான். 2018-இல் முழங்கால் வலி அதிகமானபோது அப்பா வண்டியைக் கொட்டகையில் விட்டார். அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை.

நான் மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஓட்டத் தெரிந்தது ஆல்ட்டோ மட்டும். பானெட்டைத் திறந்து வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றியதைத் தவிர எந்த வண்டி வேலையும் செய்ததில்லை. ஒன்றரை லட்சம், ஆறு மாதம் என்று திட்டம் போட்டேன். கடைசியில் ஆனது ஐந்தேகால் லட்சம், இரண்டு வருடம் நான்கு மாதம். அந்தப் பணத்தில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் நான் தெரியாமல் செய்த தவறுகளுக்குப் போனது. யாராவது ஒருவர் முதல் வாரமே உட்காரவைத்து நான்கு விஷயம் சொல்லியிருந்தால் அந்தப் பணமும் ஒரு வருடமும் மிச்சமாகியிருக்கும். இப்போது உங்களில் யாருடைய வீட்டுக் கொட்டகையிலாவது தாத்தாவின் ஜீப்போ அப்பாவின் ஜீப்போ நிற்கலாம். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதல் தவறு 2022 ஜூனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டுத் தம்பி தன் டிராக்டர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தான். "அக்கா, ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துடலாம்" என்றான். எனக்கும் ஆசை. அப்பாவின் எஞ்சின் சத்தத்தை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது. டேங்க்கில் இருந்த டீசலோடு புதிதாக ஐந்து லிட்டர் ஊற்றினோம். அப்பா செய்வதுபோல, எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டரைப் பிடித்துவிட்டு, விட்டு விட்டுப் பத்து நிமிடம் சுற்றினோம். கரும்புகையோடு நாலைந்து நொடி ஓடியது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அப்புறம் நின்றது. அதன் பிறகு எவ்வளவு சுற்றியும் உயிர் வரவில்லை.

நான்கு வருடம் நின்ற டேங்க்கின் அடியில் தண்ணீரும் துருவும் கருப்பாகக் கூழ்போலத் தேங்கியிருந்தது. ஃபில்டர் எப்போதோ இற்றுப்போயிருந்தது. அந்தக் கூழ் நேராக டீசல் பம்ப்புக்குள் போய்விட்டது. திண்டுக்கல்லில் பம்ப் வேலை பார்ப்பவர் அதைப் பிரித்து, உள்ளே இருந்த ரோட்டரை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கண்ணாடிபோலப் பளபளக்க வேண்டிய எஃகில் நீளமாகக் கோடு கோடாகக் கீறல். விரல் நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. "தண்ணியும் துருவும் போயிருக்கும்மா. சுத்தாம கொண்டு வந்திருந்தா வெறும் சர்வீஸோட முடிஞ்சிருக்கும்" என்றார். பம்ப்பும், டீசலைப் பீய்ச்சும் நாசிலும் சேர்த்து 18,500 ரூபாய்.

வருடக்கணக்கில் நின்ற டீசல் வண்டியைச் சாவி போட்டுப் பார்க்காதீர்கள். முதலில் டேங்க்கை இறக்கிக் கழுவுங்கள், பழைய டீசலில் ஒரு சொட்டுகூட வேண்டாம். லைனை ஊதிவிட்டு ஃபில்டரை மாற்றுங்கள். எஞ்சின் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள், பால் கலந்த டீபோல இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது, மேற்கொண்டு எதுவும் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் முன்பக்கப் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால்தான் பேட்டரிக்கு வேலை. இதெல்லாம் சேர்ந்து ஒருநாள் வேலை, ஆயிரம் இரண்டாயிரம் செலவு. அந்த ஒருநாள் பொறுமை எனக்கு இல்லை.

இரண்டாவது தவறுதான் பெரியது. மதுரைக்கு வெளியே பழைய ஜீப்புகளைப் புதுப்பிக்கும் ஒரு பட்டறை. வாசலில் இரண்டு ஜீப்புகள் கண்ணைப் பறிக்கும்படி நின்றன. உரிமையாளர் மரியாதையாகப் பேசினார். "மூணே மாசம் மேடம், ஷோரூம்லேருந்து வந்த மாதிரி கொடுக்கிறேன்." எழுத்தில் எதுவும் வாங்காமல் ஒரு லட்சம் முன்பணம் கொடுத்தேன். என்ன நிறம் என்று கேட்டார். மிலிட்டரி பச்சை என்றேன். சின்ன வயதில் பார்த்த ராணுவ ஜீப் நினைவு. அவர் நல்ல தேர்வு என்றார்.

வேலை டிங்கரிங்கில் தொடங்கியது. துருப்பிடித்த தகடுகளை வெட்டிப் புதுத் தகடு ஒட்டினார்கள், பட்டி பார்த்தார்கள், தேய்த்தார்கள், பச்சை அடித்தார்கள். வண்டிக்கு அடியில் எல்லா இடத்திலும் கருப்பாகத் தார்போல ஒன்றைப் பூசினார்கள், துரு பிடிக்காமல் இருப்பதற்காம். ஒவ்வொரு மாதமும் போய்ப் பார்க்கும்போது வெளியே பார்க்க அழகாகிக்கொண்டே வந்தது, அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நடுவில் இன்னும் 35,000 வாங்கினார்கள். எஞ்சின் எப்போது என்று கேட்டால் அடுத்த மாதம் என்பார்கள். மழைக்காலம் முழுக்க வண்டி வெட்டவெளியில் நின்றது. கழற்றிய சாமான்கள் பேர் எழுதாத சாக்குகளில், மற்ற ஜீப்புகளின் சாமான்களோடு கிடந்தன. அப்பா வாங்கிய ஜாக்கி, ஸ்டெப்னி மாட்டும் தாங்கி, கூரைத் துணியான ஹூட்டை விரிக்கும் குழாய்கள் எல்லாம் எங்கே போயின என்று பதினோராவது மாதம் கேட்டபோது யாருக்கும் தெரியவில்லை.

அந்த மாதங்களில் நான் பட்ட பாட்டை மறைக்க விரும்பவில்லை. வீட்டில் என் கணவரிடம் முழுக் கணக்கைச் சொல்லவில்லை. சீட்டுப் பணம் தீர்ந்ததும் இரண்டு வளையலை அடகு வைத்தேன். அண்ணன் போனில் "ஜீப் என்னாச்சு" என்று கேட்டால் பேச்சை மாற்றினேன். அப்பாவுடைய பொருளை நானே பாழாக்கிவிட்டேன் என்ற எண்ணம் இரவில் தூங்கவிடவில்லை. 2023 ஜூனில் ஒருநாள் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு, வாடகைக்கு ஏற்றிச் செல்லும் வண்டி வைத்து ஜீப்பை வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். கொடுத்த பணத்தில் ஒரு ரூபாயும் திரும்பவில்லை. எழுத்தில் எதுவும் இல்லாததால் கேட்கவும் வழியில்லை.

வத்தலக்குண்டில் ஒரு பெரியவர், அறுபதைத் தாண்டியவர், அப்பாவின் ஜீப்பைப் பல வருடம் பார்த்தவர். அவரிடம் முதலிலேயே போகாததற்குக் காரணம் அவருடைய பட்டறை அழுக்காக, தகரக் கூரையோடு இருந்ததுதான். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் பச்சை நிறத்தைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. கீழே ஒரு சாக்கை விரித்துப் படுத்து, சின்னச் சுத்தியலால் வண்டியின் அடிச்சட்டமான சேஸியைத் தட்டிக்கொண்டே போனார். டிங், டிங், டிங் என்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் முன்பக்கம் ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் இடத்துக்கு வந்ததும் பொத்தென்று மாறியது. "தாயி, இங்க குனிஞ்சு பாரு" என்றார். ஸ்குரூ டிரைவரை அந்தக் கருப்புப் பூச்சின் மேல் வைத்து அழுத்தினார். கட்டை விரல் நீளத்துக்கு உள்ளே போனது. பூச்சைச் சுரண்டியதும் பழைய வெல்டிங் ஒன்று, அதன் ஓரத்தில் மயிரிழைபோலத் தொடங்கி அரை அங்குலம் வாய் பிளந்த விரிசல், உள்ளே துருப் பொடி. மலையில் இறங்கும்போது அது விட்டிருந்தால் ஸ்டியரிங் கையில் இருந்திருக்கும், சக்கரம் கேட்டிருக்காது.

அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "அது உங்கப்பா முன்னாடியே வெல்டிங் வச்ச இடம்தானே. வருசா வருசம் அதப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரே" என்று எழுந்து போய், டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துவந்து கொடுத்தார். அப்பாவின் கையெழுத்து. 1991 முதல் 2018 வரை, எந்தத் தேதியில் எவ்வளவு டீசல், எப்போது ஆயில் மாற்றினார், எந்தப் பட்டை (ஸ்பிரிங்) உடைந்தது, எந்த பேரிங் எந்தக் கடையில் வாங்கினார், எல்லாம். 2003-இல் ஒரு வரி: "சேஸி வெல்டிங், முன் இடது, ரூ. 850. அடுத்த மழைக்கு முன் பார்க்கவும்." இருபது வருடத்துக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார். நான் ஒன்றரை லட்சத்துக்கு மேல் விட்ட பிறகு படிக்கிறேன். ஜீப்பில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருபத்தேழு வருடம் உட்கார்ந்து போனவர் அம்மா. எந்த மேட்டில் வண்டி திணறும், எந்தப் பக்கச் சக்கரம் எப்போது கத்தும் என்று அவருக்குத் தெரியும். நான் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை. வண்டியைத் தொடுவதற்கு முன் வீட்டில் இருப்பவர்கள், பழைய டிரைவர், பழைய மெக்கானிக் மூவரிடமும் உட்கார்ந்து பேசுங்கள். எங்கே அடிபட்டது, எதை மாற்றினார்கள், எது எப்போதும் தொல்லை கொடுத்தது என்று கேட்டு எழுதுங்கள்.

பெரியவர் வேலையை வரிசைப்படுத்தித் தந்தார். முதலில் சேஸி. அப்புறம் ஆக்சில், பட்டை, பிரேக், ஸ்டியரிங். அதற்குப் பிறகு எஞ்சின், கியர் பாக்ஸ். பிறகு வயரிங். வண்டி ஒரு மாதம் ஓடி எல்லாக் குறையும் தெரிந்த பிறகு டிங்கரிங். பெயின்ட் கடைசி. மதுரைப் பட்டறையில் இது அப்படியே தலைகீழாக நடந்திருந்தது. பாடியைத் தூக்கினால்தான் சேஸியைச் சரி செய்ய முடியும், தூக்கும்போது புதுப் பெயின்ட் போய்விடும். அதனால் முதலில் செய்த வேலை முழுவதும் வீண்.

சேஸி வேலைக்கு 42,000 ஆனது. பாடியைக் கழற்றித் தனியாக வைத்து, கருப்புப் பூச்சைச் சுரண்டி, விரிசலின் நுனியில் துளை போட்டு மேற்கொண்டு ஓடாமல் நிறுத்தி, பழைய வெல்டிங்கை எடுத்துவிட்டு உள்ளே புதுத் தகடு வைத்துக் கட்டினார்கள். அப்போது இன்னொன்று தெரிந்தது. சேஸியில் எண் குத்தியிருந்த இடத்திலும் அந்தப் பட்டறைக்காரர்கள் பட்டியும் தாரும் பூசியிருந்தார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்த எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள், அது ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். கிரைண்டர் வைத்துத் தேய்த்திருந்தால் எண்ணே அழிந்திருக்கும், அதோடு வண்டியின் கதையும் முடிந்திருக்கும். தின்னர் தொட்ட துணியாலும் பித்தளைப் பிரஷ்ஷாலும் ஒரு மணி நேரம் நானே உட்கார்ந்து துடைத்தேன். ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தபோது கை நடுங்கியது. வண்டியை எங்கே விடுவதாக இருந்தாலும் முதலில் சேஸி எண், எஞ்சின் எண் இரண்டையும் தேடிப் புகைப்படம் எடுத்து, அந்த இடத்தில் கிரீஸ் தடவி டேப் ஒட்டி, இங்கே கை வைக்கக் கூடாது என்று எழுதிவிடுங்கள்.

பச்சை நிறத்தின் கதையும் அப்போதுதான் தெரிந்தது. மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி ராணுவத்துக்குச் சொந்தமான வண்டிகளைத் தவிர வேறு எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. தவிர, ஆர்.சி.யில் எழுதியிருக்கும் நிறத்தை மாற்ற வேண்டும் என்றால் எதுவானாலும் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். ஜீப் வேலையே தொழிலாக இருக்கும் ஒருவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. எங்கள் ஆர்.சி.யில் இருந்தது ஐவரி வெள்ளை. டேஷ்போர்டைக் கழற்றியபோது அதன் பின்னால் கைபடாத பழைய நிறம் அப்படியே இருந்தது, அதை வைத்துத்தான் நிறத்தைக் கலந்தோம். பச்சையைச் சுரண்டி மறுபடி அடிக்க 55,000. எஞ்சினை மாற்றுவது, பாடியின் நீளத்தைக் கூட்டுவது போன்ற ஆசைகள் இருந்தால் அவற்றுக்கும் இதே கதிதான். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

காகித வேலையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் வண்டி வேலையைவிட இது என்னை அதிகம் அலைக்கழித்தது. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பேர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு இது தெரியவே தெரியாது. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் அண்ணனும் ஆட்சேபணை இல்லை என்று நோட்டரியிடம் எழுதிக் கொடுத்த கடிதம், இன்சூரன்ஸ், எல்லாம் சேர்த்துக்கொண்டு போனால், ஆர்.சி.யில் 1991-இல் வாங்கிய வங்கிக் கடன் இன்னும் அப்படியே இருக்கிறது என்றார்கள். அப்பா 1996-இல் கடனை அடைத்துவிட்டார், நோட்டில் அதுவும் இருக்கிறது. ஆனால் ஆர்.சி.யில் அந்தக் குறிப்பை நீக்கவில்லை. அந்த வங்கிக் கிளையே வேறு கிளையோடு சேர்ந்துவிட்டது. பழைய பேரேட்டைத் தேடித் தடையில்லாச் சான்றும் படிவம் 35-இல் கையெழுத்தும் வாங்க ஐந்து வாரம் ஆனது, நான்கு முறை நேரில் போனேன்.

15 வருடம் தாண்டிய சொந்த உபயோக வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் வண்டிக்கு 2021-இலேயே அது முடிந்துவிட்டது. 2022 ஏப்ரலிலிருந்து கார், ஜீப்புக்கான கட்டணம் 5,000 ரூபாய், தாமதமானால் மாதம் 500 வீதம் ஏறும். நான் மதுரையில் வீணாக்கிய ஒவ்வொரு மாதத்துக்கும் இந்த 500 சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. பசுமை வரி தனி. 2025 ஆகஸ்டில் 20 வருடத்துக்கு மேற்பட்ட இலகு ரக வண்டிகளுக்குக் கட்டணத்தை 10,000 ஆக்கிவிட்டார்கள், அதனால் இப்போது தொடங்குபவர்கள் அதையும் கணக்கில் வையுங்கள். பரிசோதனைக்கு வண்டி ஓடும் நிலையில், பிரேக், விளக்கு, ஹாரன் எல்லாம் வேலை செய்யும்படி இருக்க வேண்டும் என்பதால் கடைசிப் படி கடைசியில்தான் நடக்கும். ஆனால் வாரிசுச் சான்றிதழ், கடன் நீக்கம், ஆட்சேபணையின்மைக் கடிதம் ஆகியவற்றை வண்டியைக் கொட்டகையிலிருந்து நகர்த்தும் முன்பே முடித்துவிடலாம். காகிதம் சரியாகாது என்று தெரிந்தால் வண்டியில் பணம் போடவே வேண்டாம்.

உதிரி பாகங்கள் வாங்குவது ஒரு தனிப் படிப்பு. எம்.எம்.540 என்று பெயர் ஒன்றுதான், ஆனால் வருடத்துக்கு வருடம் உள்ளே சாமான் மாறியிருக்கிறது. கடையில் போய்ப் பேரைச் சொல்லி வாங்கிய கிளட்ச் பிளேட் சேரவில்லை, திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்றார்கள். 3,200 ரூபாய் போனது. அதற்குப் பிறகு பழைய பாகத்தைத் துடைத்துப் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோனேன். பல் இருந்தால் எண்ணிப் பார்த்தேன், துளை இருந்தால் ஸ்கேல் வைத்து அளந்தேன். பெரியவர் சொல்லித் தந்த இன்னொரு விஷயம் எனக்கு நிறையப் பணம் மிச்சப்படுத்தியது. பேரிங், ஆயில் சீல் இரண்டிலும் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணோடு பேரிங் கடைக்குப் போனால் அதே சாமான் நல்ல கம்பெனியில், ஜீப் ஸ்பேர் கடையைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். கிடைக்காத சில பாகங்களுக்காகச் சென்னை புதுப்பேட்டைக்கு ஒரு நாள் போனேன். காலை எட்டு மணி ரயிலில் இறங்கிச் சாயங்காலம் வரை அலைந்து ஸ்டெப்னி தாங்கியும் ஜாக்கியும் ஹூட் குழாய்களும் வாங்கினேன். அப்பாவுடையவை இல்லைதான், ஆனால் அதே காலத்தவை. இரும்புச் சாமானைப் பழசாக வாங்கலாம். ரப்பர் எதையும் பழசில் வாங்காதீர்கள், பிரேக் ஹோஸை மட்டும் சாகும்வரை மறக்காதீர்கள். பழைய ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே ஊதி அடைத்துக்கொள்ளும், மிதித்த பிரேக் விடாது. எங்கள் வண்டியில் முன் வலது சக்கரம் அப்படித்தான் இறுகிக்கிடந்தது.

இந்த முறை பணத்தை மொத்தமாகக் கொடுக்கவில்லை. ஒரு வேலை முடிந்து நான் கண்ணால் பார்த்த பிறகு அதற்கான கூலி, அடுத்த வேலைக்குச் சாமானை நானே வாங்கித் தருவது என்று பெரியவரே சொன்னார். ஒவ்வொரு சனிக்கிழமையும் மதுரையிலிருந்து பஸ்ஸில் போய்விடுவேன். கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம் எடுத்தேன். போல்ட், வாஷர் எல்லாவற்றையும் மளிகைக்கடைக் கவரில் போட்டு "முன் இடது பட்டை, யு போல்ட்" என்று எழுதிக் கட்டினேன். ஏழு மாதம் கழித்துப் பூட்டும்போது அந்தக் கவர்கள் இல்லாவிட்டால் நாங்கள் திண்டாடியிருப்போம். எஞ்சினில் ஹெட்டை எடுத்துத் தளம் பார்த்து, வால்வு உட்காரவைத்து, பிஸ்டன் ரிங் மாற்றினோம், 64,000. பிரேக்குக்கு 27,000, ஆக்சிலுக்கும் ஸ்டியரிங்குக்கும் 24,000. முன் சக்கரம் திரும்பும் இடத்தில் இருக்கும் கிங்பின் பேரிங்கை மாற்றிய அன்று ஸ்டியரிங்கில் இருந்த ஆட்டம் அடியோடு போனது. அப்பா கடைசி வருடங்களில் "வண்டி அலையுது" என்று சொல்வார், அது இதுதான்.

பதிவு முடியும்வரை பொது ரோட்டில் ஓட்ட முடியாது என்பதால் எங்கள் தென்னந்தோப்பில்தான் ஒரு மாதம் ஓட்டிப் பழகினேன், பிரைமர் அடித்த வண்டியில். நான்கு சக்கர இழுப்பு லீவரை அங்கேதான் கற்றுக்கொண்டேன். சேற்றில் போட்டுப் பார்த்துவிட்டு, எடுக்காமல் அப்படியே சிமென்ட் களத்தில் திருப்பினேன். வண்டி குதித்துக் குதித்து வந்தது, லீவர் இறுகிவிட்டது. உடைத்துவிட்டேன் என்று பயந்து பெரியவருக்குப் போன் செய்தேன். "ரிவர்ஸ்ல நாலடி நேரா எடு தாயி, தானா விடும்" என்றார். விட்டது. இந்த ஜீப்பில் அந்த லீவரைப் போட்டால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், திரும்பும்போது இரண்டும் வேறு வேறு தூரம் போக வேண்டியிருக்கும். மண்ணில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும், காய்ந்த தாரிலும் சிமென்ட்டிலும் முடியாது. அதனால் அது சேறு, மணல், கல்மேடு ஆகியவற்றுக்கு மட்டும். அதே காரணத்துக்காக நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே அளவு தேய்மானமாக இருக்க வேண்டும். நான் ஐந்தையும் சேர்த்து 6.00-16 புதிதாகவே போட்டேன்.

அந்த ஒரு மாத ஓட்டத்தில் ஒருநாள் அம்மா வந்து களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு சுற்று சுற்றியதும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "ஆக்சிலேட்டர விடும்போது ஊஊன்னு ஒரு சத்தம் வருது. இது முன்னாடி கிடையாது" என்றார். எனக்குக் கேட்கவே இல்லை. பெரியவர் வந்து பார்த்தார், பின் ஆக்சிலில் பினியன் பேரிங்கை இறுக்கியதில் வித்தியாசம். இரண்டு மணி நேர வேலை. அப்படியே ஓடியிருந்தால் கிரவுன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்களும் போயிருக்கும்.

திரும்பக் கிடைக்காத ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. அம்மா உட்காரும் பக்கத்துத் தரைத் தகட்டில், இறக்கங்களில் அவர் அறியாமலே குதிகாலை ஊன்றி ஊன்றி, பெயின்ட் போய், இரும்பு தேய்ந்து, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சின்னக் குழி விழுந்திருந்தது. சின்ன வயதில் நான் அதில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்துக்கொண்டு வருவேன். மதுரைப் பட்டறையில் அந்தத் தகட்டை வெட்டிப் பழைய இரும்பில் போட்டுவிட்டார்கள். அங்கே துருகூட இல்லை. எதை வெட்டக் கூடாது, எதை அப்படியே வைக்க வேண்டும் என்று சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டிவிட்டு வந்திருந்தால் போதும்.

2024 அக்டோபரில் ஆர்.சி. என் பேருக்கு வந்தது. அடுத்த ஞாயிறு அம்மாவை ஏற்றிக்கொண்டு சித்தரேவு வழியாக மலை ஏறினேன். பெரும்பாறைக்கு முன்னால் ஒரு வளைவில் அம்மா ரோட்டைப் பார்த்தபடியே, "இங்க அப்பா ரெண்டாவது கியருக்கு வந்துடுவாரு" என்றார். மாற்றினேன். திரும்பி இறங்கும்போது அதே வளைவில் ஓரக்கண்ணால் பார்த்தேன். புதிதாக அடித்த ஐவரி வெள்ளையின் மேல், அதே இடத்தில், அம்மாவின் குதிகால் அழுத்திக்கொண்டிருந்தது.